ஒரு பார்லிக் கடன், ரெண்டு ஊர்: லகாஷை ஆண்ட என்மெடேனா

கல்விக் கடன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, அசல் அசையவே இல்லையேன்னு நொந்துபோன ஒரு ராத்திரியில படிச்ச கதை இது. ஆள் பேர் என்மெடேனா. கிமு 2400 வாக்கில், இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த லகாஷ் நகர அரசின் 'என்சி'. ஊர் தெய்வத்துக்குச் சொந்தம், தெய்வத்தின் சார்பா நிர்வாகம் பண்றவர் என்சி. அப்படித்தான் கணக்கு.

பக்கத்து ஊர் உம்மா. ரெண்டுக்கும் நடுவுல செழிப்பான ஒரு வயல்வெளி, அதுக்குத் தலைமுறை தலைமுறையா சண்டை. என்மெடேனாவோட பெரியப்பா எயன்னாடும் ஜெயிச்சு எல்லைக் கல் நட்டார். லகாஷ் பக்கத்து பார்லியை உம்மா எடுத்துக்கலாம், ஆனா கடனா. வட்டி உண்டு.

இதையெல்லாம் என்மெடேனாவே ஒரு களிமண் கூம்பில் எழுத வெச்சிருக்கார். அது இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இது லகாஷ் தரப்பு வாக்குமூலம் மட்டும்தான்.

வட்டி ஏறி ஏறி எந்த வயலிலும் விளையாத ஒரு தொகை ஆயிடுச்சு. பிற்கால மெசபடோமியாவில் பார்லிக் கடனுக்கு வழக்கமான வட்டி மூணில் ஒரு பங்கு. அதைக் கூட்டு வட்டியா ஒரு லூப்ல ஓட்டிப் பார்த்தேன். 1 மூட்டை, 50 வருஷத்துல 17 லட்சம் மூட்டையைத் தாண்டுது! உம்மாவை ஆண்ட ஊர்லும்மா கட்டல. கால்வாய்த் தண்ணியைத் திருப்பிவிட்டு, எல்லைக் கல்லை உடைச்சு, படையோட வந்தார். தோத்து, 60 கழுதை அணிகளைக் கால்வாய்க் கரையிலேயே விட்டுட்டு ஓடினார். அடுத்து வந்த ஈல் கொஞ்சம் பார்லி மட்டும் கொடுத்துட்டு, எல்லைக் கால்வாயே எங்களுதுன்னு சொல்லிட்டார்.

எனக்கு ஆச்சரியமே இனிமேதான். இதே என்மெடேனா சொந்த ஊர்ல பார்லிக் கடன் வட்டியை ரத்து பண்ணார். அதுக்கு அவர் சொன்ன வார்த்தை 'அமர்கி'. நேரடி அர்த்தம், அம்மாகிட்ட திரும்புறது. கடனுக்காகப் பிரிஞ்ச பிள்ளை அம்மாகிட்டயும், அம்மா பிள்ளைகிட்டயும் போய்ச் சேர்ந்தாங்கன்னு பெருமையா பதிவு பண்ணியிருக்கார். ஊருக், லார்சா, பாத்-திபிரா ஆட்களுக்கும் விடுதலை கொடுத்தார். கடன் மனுஷனை என்ன பண்ணும்னு தெரிஞ்ச ஆள்தான்.

உம்மாவுக்கு மட்டும் தள்ளுபடி கிடையாது. சில தலைமுறை கழிச்சு, உம்மாவின் லுகல்சாகேசி லகாஷுக்குள்ள புகுந்து கோயில்களைக் கொளுத்தினார். பார்லி கடைசி வரைக்கும் வரல.