உங்களுக்குத் தெரியுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஷாக் அப்சார்பர்

● காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. துள்ளலின் ஆற்றலை அது வெப்பமாக்கிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடிய பிறகு தொட்டால் சுடுவது இதனால்தான்.

● 1920களின் புகாட்டி, பென்ட்லி கார்கள் பலவற்றில் ஷாக் அப்சார்பருக்குள் ஆயிலே கிடையாது! ஒன்றோடொன்று உரசும் வட்டத் தகடுகள்தான். நடுவிலுள்ள போல்ட்டை முறுக்கினால் இறுக்கம் கூடும். சிறிய குலுக்கலுக்கு விறைத்து நிற்கும், பெரிய குலுக்கலில் நழுவிவிடும் என்பது இதன் தீராத குறை.

● 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. காரின் முன்பக்கத்தில் இருப்பது லீவர் வகை. அதன் கையே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. அருமையான சிக்கனம், ஆனால் கழற்றும்போது ஆபத்து. ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் கை வைத்தால், அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் சீறிப் பாயும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், வால்வு கெட்டுவிடும். இதற்கென உள்ள ஆயிலையே ஊற்றி, கையை மேலும் கீழும் முழு தூரம் அசைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். தளர்ந்துபோனதைக் கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தேய்மானம் அப்படியே இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

● 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் பின்பக்கத்தில் மட்டும் நான்கு ஷாக் அப்சார்பர்கள்!

● நெதர்லாந்தின் கோனி நிறுவனம் 1857இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கியது. அதன் பழைய வகை ஷாக் அப்சார்பரைக் காரிலிருந்து கழற்றி, முழுவதும் அமுக்கிப் பிடித்துத் திருகித்தான் சரிசெய்ய முடியும். அதில் மாறுவது, ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகம் மட்டுமே. அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் விரிய நேரமில்லாமல் கார் தாழ்ந்துகொண்டே போகும், டயரின் பிடியும் குறையும். மிகத் தளர்வான நிலையில் தொடங்கி, துள்ளல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும்.

● ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது, கார் தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தூக்கிவைத்து முறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.