பள்ளிக்கூட கம்ப்யூட்டருக்கு காசில்லா மென்பொருள்: லாபமா? நட்டமா?

செங்கல்பட்டு,

பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிப்பது ஒன்று. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பார்ப்பது வேறொன்று!

அரசுப் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் படம் வரைய "டக்ஸ் பெயிண்ட்". எட்டாம் வகுப்பில் கணக்கு அட்டவணை போட "லிப்ரே ஆபீஸ் கால்க்". பத்தாம் வகுப்பில் "ஸ்கிராட்ச்". 12-ம் வகுப்பு கணினி அறிவியலில் "பைத்தான்".

இவை எல்லாம் காசு கொடுக்காமல் கிடைப்பவை. யாரும் நகல் எடுக்கலாம். வீட்டுக்கும் கொண்டு போகலாம். அது திருட்டு ஆகாது!

ஆனால் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் கடை, ஆடிட்டர் ஆபீஸ், ஓட்டல் என்று எங்கே நுழைந்தாலும் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ்தான்.

"சும்மா கொடுக்கிறதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" பெற்றோருக்கு வரும் சந்தேகம் இதுதான்.

ரூ.3 ஆயிரம் கோடி

பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம்.

கேரள அரசு 2001-ல் பள்ளிகளில் "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இலவச மென்பொருளான லினக்சுக்கு மாறியது. பள்ளிகளில் உள்ள 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கியிருந்தால், ஒன்றுக்கு ரூ.1½ லட்சம் ஆகியிருக்கும் என்று 2019-ல் அந்தத் திட்ட நிர்வாகம் கணக்குச் சொன்னது. ஆக மொத்தம் மிச்சம் ரூ.3 ஆயிரம் கோடி!

லேப்டாப்பில் இரண்டு

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந்தேதி இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் அதைப் பெற்றார்கள். அதில் விண்டோசும் இருந்தது. "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. பாஸ், சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழிலும் வேலை செய்யும்.

கையில் இருந்தும் என்ன பயன்? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் தெரிந்த விண்டோசையே திறப்பார்கள்.

நட்டம் எங்கே?

மென்பொருள் சும்மா கிடைக்கும். வாத்தியார் சும்மா கிடைப்பாரா?

எல்லா அரசுப் பள்ளிகளிலும் கம்ப்யூட்டருக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. லினக்சில் பிரிண்டர் மக்கர் செய்தால், சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டும். கேரளாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கும் செலவு உண்டு.

இன்னொன்று, கடற்கரைக் காற்று! கோவளம் முதல் கல்பாக்கம் வரை இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா? எந்த மென்பொருளாலும் இதற்கு வைத்தியம் கிடையாது. மிச்சமாகும் பணத்தை ரிப்பேருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கினால்தான் லாபம் லாபமாக இருக்கும்.

பழைய பெட்டிக்கு உயிர்

2025 அக்டோபர் 14-ந்தேதியோடு "விண்டோஸ் 10"-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பல "விண்டோஸ் 11"-ஐ ஏற்காது. காயலான் கடைக்குப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அதே பெட்டி இன்னும் சில வருஷம் ஓடும். பென்டிரைவில் தொற்றும் விண்டோஸ் வைரஸ் தொல்லையும் குறையும். அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பில் தம்பி படிக்கும் மீனவர் வீட்டுக்கு இது சின்ன உதவியா?

சரி, வேலைக்கு? லிப்ரே ஆபீசில் கூட்டல் போடத் தெரிந்தவனுக்கு எக்செல் பழக ரொம்ப நாள் ஆகாது. பரனூர் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வு போகுமுன் அதையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும்.

பெற்றோர் பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டியது "எந்த மென்பொருள்?" என்பது அல்ல. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எம் புள்ளை கம்ப்யூட்டரைத் தொடுது?" என்பதுதான்!