நான்கு எழுத்தில் ஒரு தாய்

என் அப்பா கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறவர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. யார் வந்தாலும் உளியை எடுக்கும் முன் ஒன்று கேட்பார்: "இதை யாருங்க படிக்கப் போறாங்க?" பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்றால் ஆங்கிலத்திலும் ஒரு வரி வெட்டித் தருவார்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஸீசா அரண்மனையில் இருக்கும் ஒரு பளிங்குக் கல்லின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. நடுவில் சிலுவை. சுற்றிலும் ஒரே சேதி நான்கு விதமாக: மேலே எபிரேய எழுத்தில் எழுதிய அரபு, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் கிரேக்கம், கீழே அரபு. அன்னா என்ற பெண் ஆகஸ்டு மாதம் காலமானார். பேராலயத்தில் அடக்கம் செய்திருந்த உடலை மறு ஆண்டு மே மாதம், தான் கட்டிய சிற்றாலயத்துக்கு மாற்றினார் மகன் கிரிசாந்து. அவர் மன்னர் இரண்டாம் ரோஜரிடம் இருந்த பாதிரியார்.

தாய் இறந்த ஆண்டைப் பாருங்கள். லத்தீனில் 1148. கிரேக்கத்தில், உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6656. யூதர் கணக்கில் 4908. அரபியில் ஹிஜ்ரி 543. அரபு வாசகம் போப்பாண்டவரை 'ரோமாபுரியின் இமாம்' என்கிறது! படிக்கிறவருக்குப் பழகிய சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறார்கள்.

827இல் முஸ்லிம் படைகள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கிய தீவு அது. 1072இல் நார்மன் கிறிஸ்தவர்கள் பலெர்மோவைப் பிடித்தார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர். நிலக்கணக்கும் வரிக்கணக்கும் தெரிந்தவர்கள் அரபும் கிரேக்கமும் எழுதுகிறவர்கள். அவர்களை விட்டால் ஆட்சி நடக்காது. ரோஜருக்காக அரபு அறிஞர் அல் இத்ரீசி உலகப் புவியியல் நூலை 1154இல் முடித்தார். ரோஜரின் அரண்மனை ஆலயத்தின் மரக்கூரையில் அரபு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. 1184 கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோவைப் பார்த்த பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே பட்டுடுத்தி, முக்காடிட்டு, மருதாணி வைத்துக் கோயிலுக்குப் போனதை எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த வாழ்வு அரசனின் நிழலில்தான் நின்றது. முன்பு முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவரும் யூதரும் கட்டிய தலைவரியை இப்போது முஸ்லிம்கள் கட்டினார்கள். 1161இல், ரோஜருக்குப் பின் வந்த மன்னருக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது பலெர்மோவில் வெட்டுப்பட்டவர்கள் முஸ்லிம்கள்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கீழ்ப்பகுதியை விரலால் தொட்டு, "இதைப் படிக்கிறவங்க இப்பவும் அந்த ஊர்ல இருக்காங்களாம்மா?" என்றார்.

சொன்னேன். ரோஜரின் பேரன் இரண்டாம் பிரெடரிக், அரபு அறிஞர்களை மதித்தவர்தான். அவரே 1220களில் தொடங்கி, கிளர்ந்தெழுந்த சிசிலி முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்து லூசேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அந்தக் குடியிருப்பையும் கலைத்தார். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

"யாருக்காக வெட்டுனாங்களோ, அவங்களையே அனுப்பிட்டாங்களா?" என்றார் அப்பா. படத்தை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.