ஒரே டிரெய்லர், ஐம்பது சட்டம்

கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே போகும் 10ஆம் எண் நெடுஞ்சாலை, பிளைத் என்ற ஊருக்கு அருகே கொலராடோ ஆற்றைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், பின்னால் டிரெய்லர் கட்டிய எந்த வண்டியும் மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம், கார் இழுத்துவரும் சிறு டிரெய்லருக்கென்று தனி வேக வரம்பு இல்லை. மற்றக் கார்களோடு சேர்ந்து 75 மைலில் ஓட்டலாம். வண்டியும் அதேதான், பாரமும் அதேதான், ஓட்டுபவரும் அவரேதான். ஆனால் 55 மைலிலிருந்து 75 மைலுக்கு ஏறும்போது, நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.86 மடங்காகிவிடுகிறது. இழுவை வண்டிச் சட்டத்தை மாநிலத்துக்கு மாநிலம் பிரித்து வைத்ததில் அமெரிக்கா எதை அடைந்தது, எதை இழந்தது என்று பார்ப்பதற்கு இந்தப் பாலம் நல்ல இடம்.

அங்கே டிரெய்லர் என்பது லாரிக்காரர்களின் சமாசாரம் மட்டுமல்ல. படகை ஏரிக்குக் கொண்டுபோக, வீடு மாற்றும்போது சாமான் ஏற்ற, விடுமுறையில் படுக்கையும் அடுப்பும் கொண்ட கேம்பரை இழுத்துப்போக, புல்வெட்டும் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போக என்று சாதாரணக் குடும்பங்களும் சிறு தொழில்காரர்களும் தினமும் இழுக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் 10,000 பவுண்டு, அதாவது 4,500 கிலோவுக்குச் சற்று மேல் வரை இழுக்கச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். தனிப் பயிற்சியோ தனித் தேர்வோ கிடையாது. ஆகவே ஓட்டுநரின் திறமையை நம்பி இந்த ஏற்பாடு நிற்கவில்லை. வண்டியில் என்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை நம்பித்தான் நிற்கிறது. அதிலும் முதன்மையானது பிரேக். டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இல்லையென்றால் அதன் எடை முழுவதையும் முன்னால் போகும் கார்தான் தாங்கி நிறுத்த வேண்டும். நிறுத்தும் தூரம் நீளும். வளைவிலோ ஈரச் சாலையிலோ பின்பாரம் காரைத் தள்ளிக்கொண்டே போய்ப் பக்கவாட்டில் மடக்கிவிடும்.

இந்தப் பிரேக்கை எப்போது கட்டாயமாக்குவது என்பதில்தான் மாநிலங்கள் திசைக்கொன்றாக நிற்கின்றன. கலிபோர்னியாவில் கேம்பர்களுக்கு மொத்த எடை 1,500 பவுண்டை எட்டினாலே பிரேக் வேண்டும். பல மாநிலங்கள் 3,000 பவுண்டில் கோடு கிழிக்கின்றன. டெக்சஸில் 4,500 பவுண்டு. மாசசூசெட்ஸ் சட்டமோ வெற்று எடையே 10,000 பவுண்டைத் தாண்டினால்தான் பிரேக் கேட்கிறது. ஒரு நாட்டின் சாலையில், ஒரே வகைக் கார்கள் இழுக்கும் ஒரே வகை டிரெய்லர்களுக்கு இவ்வளவு இடைவெளி. இதற்குப் பின்னால் பொறியியல் காரணம் எதுவும் இருக்க முடியாது என்பது என் வாதம். 1,500தான் சரி என்றால் 10,000 ஆபத்து. 10,000 போதும் என்றால் 1,500 வீண் செலவு.

இது வந்த வழியைப் பார்த்தால் காரணம் புரியும். சாலைப் பாதுகாப்பு மாநிலங்களின் அதிகாரம் என்பது அமெரிக்காவின் பழைய மரபு. தென் கரோலினா 1933இல் லாரிகளின் அகலம் 90 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் 96 அங்குலம் வரை விட்டிருந்தன. 1938இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இல்லினாய் மாநிலம் ஒரு படி மேலே போனது. லாரி, டிரெய்லர்களின் பின்சக்கரங்களை வளைந்து மூடும் புதுவகை மட்கார்டைக் கட்டாயமாக்கியது. அப்போது குறைந்தது 45 மாநிலங்களில் சாதாரண நேர் மட்கார்டே சட்டப்படி சரி. ஆர்கன்சாவிலோ நேர் மட்கார்டுதான் கட்டாயம். இரண்டு மாநிலங்களுக்கும் பாரம் ஏற்றிப்போகும் டிரெய்லர் என்ன செய்யும்? வழியில் நிறுத்தி மட்கார்டை மாற்ற வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் வேலை, சில நேரம் வெல்டிங் வேறு. வெடிக்கக்கூடிய சரக்கு ஏற்றிய வண்டியில் வெல்டிங் வைப்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும், வளைந்த மட்கார்டால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை என்றும், அது பிரேக் டிரம்மைச் சுற்றி வெப்பத்தைத் தேக்கிப் பிரேக்கைப் பலவீனமாக்குகிறது என்றும் விசாரணையில் தெரியவந்தது. நவஹோ சரக்கு நிறுவனம் தொடுத்த அந்த வழக்கில் 1959இல் நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பு இல்லினாய் சட்டத்தைத் தள்ளியது. 1981இல் மொத்தம் 65 அடி நீள இரட்டை டிரெய்லர்களைத் தடுத்த அயோவாவின் சட்டமும் அதே வழியில் விழுந்தது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் தலா 28 அடி நீள இரட்டை டிரெய்லர்களை எல்லா மாநிலங்களும் அனுமதித்தாக வேண்டும் என்றது. வணிக டிரெய்லருக்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோல் வந்தது இப்படித்தான்.

சிறு டிரெய்லருக்கு ஏன் வரவில்லை? அதன் பொருட்டு வழக்குப் போட யாரும் இல்லை என்பதுதான் என் பதில். ஒவ்வொரு எல்லையிலும் நேரமும் பணமும் இழந்த சரக்கு நிறுவனங்களுக்கு நீதிமன்றம் போக வலுவும் தேவையும் இருந்தன. வருடத்தில் நான்கு முறை படகை இழுத்துப்போகும் குடும்பத்துக்கு அந்த இழப்பு கண்ணில் படுவதே இல்லை, விபத்து நேரும் நாள் வரை. நாடு முழுவதும் டிரெய்லர் வாடகைக்கு விடும் யூ-ஹால் நிறுவனம் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். எந்த மாநிலத்தில் எடுத்து எந்த மாநிலத்தில் விட்டாலும், தன் டிரெய்லரை 55 மைலுக்கு மேல் இழுக்காதீர்கள் என்கிறது அது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தானே வகுத்துக்கொண்டது. அரசுகள் செய்யாததை ஒரு வாடகைக் கடை செய்திருக்கிறது.

நிலமும் சாலையும் ஒன்றல்லவே, சட்டம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. டென்வருக்கு மேற்கே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து இறங்கும் நீண்ட சரிவும் கான்சாஸின் சமவெளியும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் கான்சாஸ் டிரெய்லர் கான்சாஸிலேயே நின்றுவிடுவதில்லை. அதே 70ஆம் எண் சாலை அதை அந்தச் சரிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஒரு மாநிலத்தின் நம்பர் பிளேட்டையும் லைசென்ஸையும் மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பிரேக், விளக்கு போன்றவற்றிலோ, எந்தச் சாலையில் ஓடுகிறதோ அந்த மாநிலத்தின் சட்டமே செல்லும். காகிதத்தில் இது சரி. நடைமுறையில், எடை மேடைகளில் நிறுத்திச் சோதிப்பது வணிக லாரிகளைத்தான். குடும்ப டிரெய்லர் பெரும்பாலும் தடையின்றிப் போய்விடும். எல்லையைத் தாண்டியதும் பிரேக் தானாக முளைக்கப்போவதும் இல்லை. வேக வரம்பைச் சாலைக்கேற்ப மாநிலமே வைத்துக்கொள்ளட்டும். மலைச்சாலையில் குறைக்கவும் சமவெளியில் கூட்டவும் நியாயம் உண்டு. வண்டியோடு கூடவே பயணம் செய்யும் உறுப்புகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இந்த வேறுபாட்டைத்தான் இன்றைய சட்டங்கள் பார்க்கத் தவறுகின்றன.

தளர்வான மாநிலங்களில் கூடுதலாக விபத்து நடக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் மாநிலங்களுக்கிடையே டிரெய்லர்களின் எண்ணிக்கை, சாலை, வேகம், பனி எல்லாமே வேறுபடும்போது விபத்துக் கணக்கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரேக்கின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. நிறுத்தும் தூரத்தை நேராக அளந்து பார்க்கலாம். அந்த அளவீடு எந்த மாநிலத்தில் செய்தாலும் மாறாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மொழியும் நிலமும் வேறான 27 நாடுகள், மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்று ஒரே கோட்டில் உடன்பட்டிருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையும் ஹாலந்தின் சமவெளியும் அந்த ஒன்றியத்தில்தான் இருக்கின்றன.

இதற்குப் புதிதாக அதிகாரம் எதையும் தேட வேண்டியதில்லை. 1966இல் இயற்றிய வாகனப் பாதுகாப்புச் சட்டம், புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்குத் தரம் வகுக்கும் பொறுப்பை மத்திய அரசிடம் தந்தது. டிரெய்லரும் அதில் அடக்கம். அதன்படி டிரெய்லர் விளக்குகளுக்கு மத்தியத் தரம் இருக்கிறது. காற்றழுத்தப் பிரேக் பூட்டிய பெரிய டிரெய்லர்களுக்கும் இருக்கிறது. மின்சாரப் பிரேக்கிலோ பிரேக்கே இல்லாமலோ ஓடும் சிறு டிரெய்லர் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் இல்லை. மத்தியத் தரம் வந்துவிட்டால், புது வண்டியின் அந்த அம்சத்தில் மாநிலம் வேறு விதி போட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, அந்த இடைவெளியை நிரப்பினால் போதும்.

செலவு யார் தலையில் விழும் என்பதுதான் உண்மையில் கனமான கேள்வி. பிரேக்குள்ள அச்சு, காரில் அதை இயக்கும் கருவி, வருடாந்திரப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால் மலிவு டிரெய்லரின் விலையில் அது கணிசமான பங்கு. புல்வெட்டிப் பிழைப்பவருக்கு அது சுமை. வயலிலிருந்து கிடங்குக்கு மெதுவாக ஊர்ந்துபோகும் பண்ணை டிரெய்லருக்கு அது தேவையும் இல்லை. இதற்கு டெக்சஸ் சட்டத்திலேயே நல்ல வழி இருக்கிறது: 4,500 முதல் 15,000 பவுண்டு வரையுள்ள டிரெய்லரை 30 மைலுக்கு மேல் ஓட்டாவிட்டால் பிரேக் கட்டாயமில்லை. அந்த விலக்கை நாடு முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சாலையில் இருப்பவற்றை மத்தியத் தரம் தொடாது. சரியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு டிரெய்லர் முப்பது வருடம்கூட ஓடும் என்பதால் மாற்றம் மெதுவாகத்தான் வரும். பழையவற்றையும் வீட்டிலேயே அடித்துச் செய்தவற்றையும் மாநிலங்கள்தான் கவனிக்க வேண்டும். கைமாறும்போது பதிவுப் பத்திரம் மாற்றிக் கொடுக்கும் அலுவலகத்திலேயே பிரேக்கையும் காரோடு பிணைக்கும் சங்கிலியையும் விளக்கையும் ஒருமுறை சோதித்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம் போதும்.