சஸ்பென்ஷன் மாற்றமும் தொழிற்சாலைத் தொகுப்பும்: கரடுமுரடுப் பாதை வண்டிகள்

பாறை, மணல், சேறு, ஆற்றுப்படுகை போன்ற சாலையில்லா நிலத்தில் ஓட்டுவதற்காக வாங்கப்படும் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் சஸ்பென்ஷனை இரண்டு வழிகளில் மேம்படுத்தலாம். குறைந்த விலை மாதிரியை வாங்கி, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலிய பாகங்களைத் தனியாக வாங்கிப் பொருத்துவது ஒரு வழி. இவையெல்லாம் பொருத்தப்பட்டே வரும் உயர் மாதிரியையோ தொழிற்சாலைத் தொகுப்பையோ கூடுதல் விலை கொடுத்து வாங்குவது மற்றொரு வழி. அமெரிக்கச் சந்தையில் ஜீப் ராங்லரின் ரூபிகான் மாதிரியும், ஃபோர்டு பிராங்கோவின் சாஸ்குவாட்ச் தொகுப்பும் இரண்டாம் வழிக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் நான்கு ஷாக் அப்சார்பர், நான்கு ஸ்பிரிங் ஆகியவற்றின் விலையைத் தொகுப்பின் விலையோடு வைத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் தொகுப்பு எப்போதும் அநியாய விலையாகவே தெரியும். ஆனால் தொகுப்புக்குக் கொடுக்கும் பணம் சஸ்பென்ஷனுக்கு மட்டும் கொடுக்கும் பணம் அன்று. ஆக்சில், கியர் விகிதம், டிஃபரன்ஷியல் பூட்டு, மென்பொருள் என வெளியே தெரியாத பலவற்றுக்கும் சேர்த்தே அது கொடுக்கப்படுகிறது. அவை ஒருவருக்குத் தேவையா என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும்.

உயர்த்தினால் எது உயர்கிறது

சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. கன்ட்ரோல் ஆர்ம் எனப்படும் தண்டுகள் சக்கரம் எந்தப் பாதையில் மேலும் கீழும் அசைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டோ, ஸ்பிரிங்கின் மேல் ஒரு வளையத்தை வைத்தோ வண்டியைத் தூக்குவதையே 'லிஃப்ட்' என்கிறார்கள்.

ராங்லர் போல இரு சக்கரங்களையும் ஒரே குழாய் இணைக்கும் திட ஆக்சில் வண்டியில், தரையில் முதலில் இடிப்பது ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஓர் அங்குலம்கூட மேலே போகாது. ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது. உயர்வது உடல் மட்டுமே. டிஃபரன்ஷியல் உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். அதிலும் விட்டத்தில் பாதிதான் கிடைக்கும்: 33 அங்குல டயரை 35 ஆக்கினால் ஆக்சில் உயர்வது 1 அங்குலம்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் திரும்புவதற்கு இடம் தருகிறது. முன் பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணமும், வண்டியின் வயிறு முகட்டில் தட்டாமல் கடக்கும் கோணமும் கூடுகின்றன. இவை பயனுள்ளவை. ஆனால் டயரை மாற்றும் எண்ணமில்லாமல் வண்டியை மட்டும் தூக்குவது பெரும்பாலும் தோற்றத்துக்காகவே.

டயர் பெரிதானால்

பெரிய டயரோடு வேறொரு கணக்கு தொடங்குகிறது. 2018 மாதிரியாக வந்த ராங்லரின் அடிப்படை வடிவமான ஸ்போர்ட்டில் 245/75 ஆர்17 டயர் வருகிறது; அதன் விட்டம் ஏறத்தாழ 31.5 அங்குலம். தானியங்கி கியர் வண்டியில் ஆக்சில் விகிதம் 3.45. இதில் 35 அங்குல டயரைப் போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 11 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை 3.45 என்ற விகிதம் 3.1 ஆகக் குறைந்ததற்குச் சமம். வண்டி மந்தமாகும், கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகத் தயங்கும். மென்பொருளில் டயர் அளவைத் திருத்தாவிட்டால் வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 111 ஆக இருக்கும்.

பாறையில் ஊர்ந்து ஏறும்போது இது இன்னும் தெளிவாகும். முதல் கியர், தாழ்நிலை டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் ஊர்தல் விகிதம் கிடைக்கும். தானியங்கி ஸ்போர்ட்டில் 4.71 × 2.72 × 3.45, அதாவது ஏறத்தாழ 44. ரூபிகானில் 4.71 × 4 × 4.10, அதாவது 77. இந்த எண் பெரிதாக இருந்தால், பிரேக்கை மிதிக்காமலேயே எஞ்சினின் பிடியில் பாறைமேல் மெல்ல இறங்கலாம். ஸ்போர்ட்டுக்கு 35 அங்குல டயர் போட்டபின் 44 என்பது 40க்கும் கீழே இறங்குகிறது. விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் எதுவும் இந்த இடைவெளியை நிரப்பாது.

தொகுப்புக்குள் இருப்பவை

ரூபிகான் என்ற பெயர் 2003 மாதிரி ஆண்டில் வந்தது. இப்போதைய வடிவத்தில் முன்னும் பின்னும் டானா 44 வகை ஆக்சில், இரண்டிலும் மின்னியக்கப் பூட்டு, 4:1 தாழ்நிலை டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு பொத்தானில் விடுபடும் முன் ஸ்வே பார், 33 அங்குல டயர் ஆகியவை உண்டு. இவற்றை ஸ்போர்ட்டில் ஒவ்வொன்றாகச் சேர்க்க முடியும். ஆனால் ஆக்சிலையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மாற்றுவது பட்டறையில் பல நாள் வேலை. செலவு பெரும்பாலும் மாதிரிகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைத் தாண்டிவிடும்.

2020 ஜூலையில் அறிமுகமான புதிய பிராங்கோவின் சாஸ்குவாட்ச் தொகுப்பில் 35 அங்குல டயர், 17 அங்குல வீல், இரு டிஃபரன்ஷியல்களுக்கும் பூட்டு, 4.7 ஆக்சில் விகிதம், உயர்ந்த சஸ்பென்ஷன், அகன்ற மட்கார்டு, பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர் ஆகியவை அடங்கும். இந்த ஷாக் அப்சார்பர்களில் பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எதிர்ப்பு மாறும். பயணத்தின் முனையை நெருங்கும்போது இறுகும். டயரோடு கியர் விகிதமும் சேர்ந்தே மாறுவதைக் கவனிக்கலாம்.

ஜீப் 2021இல் ரூபிகானுக்கு அளித்த எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்பிலும் 35 அங்குல டயரோடு 4.56 ஆக்சில் விகிதமும் 1.5 அங்குல உயர்வும் வந்தன. கூடவே பின்கதவின் கீல்களும் பலப்படுத்தப்பட்டன. மாற்று டயர் பின்கதவில்தான் தொங்குகிறது. 35 அங்குல டயரின் கூடுதல் எடையைக் குலுங்கும் பாதையில் அந்தக் கீல்கள்தான் சுமக்க வேண்டும். தனியாக மாற்றுபவர் கதவு தொங்கத் தொடங்கிய பிறகே இதை நினைப்பார்.

தொகுப்பின் குறை, அது பிரிக்க முடியாததாக இருப்பது. சாஸ்குவாட்ச் தொடக்கத்தில் தானியங்கி கியருக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டது. கைக்கியர் வேண்டுவோர் வற்புறுத்திக் கேட்ட பிறகே அதற்கும் விரிவாக்கப்பட்டது. பூட்டு மட்டும் போதும், பெரிய டயர் வேண்டாம் என்பவருக்கும் முழுத் தொகுப்பே கிடைக்கிறது.

தனியாகப் பொருத்தும்போது தொடரும் வேலைகள்

திட ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது டிராக் பார். அதன் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை ஆக்சிலிலும் இருக்கும். உடலை உயர்த்தினால் அந்தத் தண்டு கூடுதலாகச் சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கிறது. நீளம் மாற்றக்கூடிய டிராக் பார் போட்டால்தான் ஆக்சில் நடுவுக்கு வரும். கன்ட்ரோல் ஆர்ம்கள் சாய்வதால் காஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரச் செய்வது இந்தக் கோணம்தான். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். இணைப்புகளில் தேய்மானமும் சேர்ந்துகொண்டால், ஒரு சிறு குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் கடுமையாக உதறத் தொடங்கும். அமெரிக்க ஜீப்காரர்கள் இதை 'டெத் வாபிள்' என்கிறார்கள்; பெயர் மிகை என்று அதை ஒருமுறை பார்த்தவர் சொல்லமாட்டார்.

பிராங்கோ, டொயோட்டா டக்கோமா போன்ற தனித்தனி முன் சஸ்பென்ஷன் வண்டிகளில் சிக்கல் வேறு. சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டு செங்குத்தாகச் சாய்ந்து, சிவி மூட்டு தன் எல்லைக்கு அருகில் எப்போதும் சுழல்கிறது. முதலில் அதன் ரப்பர் உறை கிழியும். பிறகு மூட்டே போகும். இவற்றில் 2 முதல் 3 அங்குலத்துக்கு மேல் உயர்த்த, டிஃபரன்ஷியலையே கீழிறக்கும் பெரிய மாற்றம் தேவைப்படும்.

ஸ்பிரிங்கின் தலையில் வளையம் வைத்து உயர்த்துவது எல்லாவற்றிலும் மலிவானது. ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் மாறுவதில்லை. மேலே உயர்த்திய அளவுக்குச் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று முட்டும். சக்கரம் தரையைத் தொட்டிருப்பதே இந்த வண்டிகளின் பலம் என்பதால், இது வாங்கிய நோக்கத்துக்கே எதிரானது.

பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலிலும் இழுபடாத நீளம் கொண்டதா என்று பார்க்க வேண்டும். புஷ்ஷுள்ள போல்ட்களை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் நிரந்தரமாகத் திருகி விரைவில் கிழியும். சக்கரச் சீரமைப்பு கட்டாயம். கண்ணாடியில் கேமராவோ முன்புறம் ரேடாரோ உள்ள புதிய வண்டிகளில் அவற்றையும் மறுசீரமைக்க வேண்டியிருக்கலாம்.

சுமை எனும் அளவுகோல்

இத்தனைக்கும் பிறகு தனி மாற்றம் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலை ஸ்பிரிங் பொதுவாக ஓட்டுநரும் சில பயணிகளும் உள்ள சாதாரண வண்டிக்கு ஏற்றது. எஃகு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம், இரண்டாம் பேட்டரி, குளிர்பெட்டி, தண்ணீர், எரிபொருள் என நீண்ட பயணத்துக்கு ஏற்றுகிறவரின் வண்டியில் சில நூறு கிலோ நிரந்தரமாகக் கூடுகிறது. அந்த எடையில், விலை கொடுத்து வாங்கிய உயர்வு அமுங்கிப் போகிறது.

ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழில் வளர்ந்ததற்கு இதுவே காரணம். 1975இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு வகையில் ஒரே வண்டிக்கு வெவ்வேறு சுமைக்கான ஸ்பிரிங்குகள் விற்கப்படுகின்றன. 'எத்தனை அங்குலம் உயர வேண்டும்' என்பதைவிட 'எத்தனை கிலோ எப்போதும் ஏற்றியிருப்பீர்கள்' என்பதே அங்கே முதல் கேள்வி. காலி வண்டியில் கனமான ஸ்பிரிங் போட்டால் அது கட்டைவண்டி போல் குலுங்கும்.

அங்கே ஷாக் அப்சார்பரும் வேறு விதமாகச் சோதிக்கப்படுகிறது. அலையலையாகப் புடைத்த சரளைப் பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது அதன் எண்ணெய் கொதிநிலையை நோக்கிச் சூடேறி, இளகி, நுரைத்து, அடக்கும் வலுவை இழக்கிறது. பருமனான உடலும் தனி எண்ணெய்த் தொட்டியும் உள்ளவை அந்த வெப்பத்தைத் தாங்கும். ஃபாக்ஸ், கிங் போன்ற நிறுவனங்களின் பல வகைகளைப் பிரித்து, சீல் மாற்றி, உள்வால்வைச் சுமைக்கேற்பத் திருத்தவும் முடியும்.

எந்த ஸ்பிரிங்கும் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் கூட்டாது. பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்பதால், பிரேக்கும் ஆக்சிலும் சட்டமும் அதே பழையவை என்பது மறந்துபோகிறது.

கவிழும் அபாயம்

வண்டி கவிழும் தன்மையை மதிப்பிட அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எளிய எண்ணைப் பயன்படுத்துகிறது: இரு சக்கரங்களுக்கிடையிலான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுப்பது. அகலம் 1600 மில்லிமீட்டர், உயரம் 750 என்று வைத்துக்கொண்டால் விடை 1.07. லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 60 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 0.99 ஆகிறது. கூரையில் ஏற்றும் கூடாரம் இன்னும் குறைக்கும். பிராங்கோ ராப்டர் போன்ற உயர் மாதிரிகளில் உயரத்தோடு அகலமும் கூட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உத்தரவாதமும் சட்டமும்

அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் பொருத்தியதை மட்டும் காரணம் காட்டி நிறுவனம் முழு உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். நடைமுறையில் லிஃப்ட் போட்ட வண்டியில் மூட்டு உடைந்தால் அப்படிக் காட்டுவது எளிது. தொகுப்புக்கு இந்தத் தகராறு இல்லை. ஜீப்பின் சொந்தப் பாகப் பிரிவான மோப்பார், ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பருடன் விற்கும் 2 அங்குல லிஃப்ட் இரண்டுக்கும் நடுவிலான வழி.

இந்தியாவில் கேள்வியே வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் அதே அளவில் நல்லதைப் போடுவது வேறு; வண்டியைத் தூக்கி அகன்ற டயர் பொருத்துவது வேறு. பின்னதைச் செய்தவர் போக்குவரத்துச் சோதனையில் மட்டுமன்றி, விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.