பழவேற்காடு: காயற்கரையில் ஒரு பகல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பத்தக்க தொலைவில் உள்ள பழவேற்காட்டைப் படகுச் சவாரிக்கும் மீன் வறுவலுக்குமான ஊராக மட்டும் எண்ணிச் செல்வோர், அங்கே காணத்தக்கவற்றில் பெரும்பகுதியைக் காணாமலே திரும்புகின்றனர். இங்குள்ள நீர்நிலை ஒரு காயல், அதாவது மணல்திட்டுகளால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, முகத்துவாரங்களின் வழியே மட்டும் கடலோடு கலக்கும் உவர்நீர் ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியான இதன் பெரும்பரப்பு ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்பகுதி மட்டுமே தமிழ்நாட்டில் அமைந்துள்ளது.

வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காலங்கியாறும் கொண்டுவரும் நன்னீரால் ஏரியின் உப்புத்தன்மை குறைகிறது. கோடையில் நீர் வற்ற வற்ற அது கடல்நீரையும் மிஞ்சக்கூடும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்பதால், மழைக்காலம் முடிந்து நீர் இறங்கத் தொடங்கும் மாதங்களில் பூநாரைகள் இங்கே கூட்டமாக வந்து மேய்கின்றன. நீண்ட கழுத்தை வளைத்து, மேல் அலகு கீழாக வருமாறு தலையைக் கவிழ்த்து, நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை உள்ளிழுத்து வெளியேற்றும் இப்பறவை, அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப் போல் அமைந்த தகடுகளால் சிற்றுயிர்களை வடிகட்டி உண்கிறது. வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் கானலில் உருவங்கள் கலங்கித் தெரியும் என்பதால், பறவை காண விரும்புவோர் பைனாகுலருடன் காலையிலேயே கரையை அடைவது நல்லது.

ஏரி மீனவர்களின் பணியிடம் என்பதை வருவோர் மறக்கலாகாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை உரிமையுடைய குடும்பங்களிடையே சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடும் பாடு முறை, தலைமுறைகளாக இங்கே வழங்கிவருகிறது. நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் காக்கும் இந்த ஏற்பாடு, எந்தக் கோட்டைச் சுவருக்கும் குறையாத வரலாற்றுச் சின்னம்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் தங்கள் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். இப்பகுதியின் துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி அவற்றுக்கு ஈடாக நறுமணப் பொருள்களைப் பெற்ற அதே வணிகம், இக்கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடு; தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ ஓரளவு முழுமையாக நிற்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்டுள்ள எலும்புக்கூடுகளையும், உள்ளே கிடக்கும் பெரிய கற்பலகைகளில் வெட்டப்பட்ட டச்சு எழுத்துகளையும் குலச்சின்னங்களையும் நின்று பார்ப்பதற்கு அரைமணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். ஆயினும் கப்பலேற்றப்பட்டவர்களின் பெயர் சொல்லும் கல் எதுவும் இத்தோட்டத்தில் இல்லை.

2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இங்கே சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. எனவே கரையில் எவரேனும் அழைத்தாலும் மீன்பிடிப் படகில் ஏறுவது தகாது. ஏரியின் மீதுள்ள பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்துக்குச் செல்வோர் ஒருபுறம் காயலையும் மறுபுறம் கடலையும் காணலாம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். பறவைகளுக்காகவே ஒரு நாளை ஒதுக்குவோர் இன்னும் வடக்கே சூலூர்பேட்டைப் பக்கமாகச் சென்றால், ஏரியை ஊடறுத்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையிலிருந்து பூநாரைகளையும், நேலபட்டு சரணாலயத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாக்களையும் காண முடியும்.