கழிவுநீர் பைப் வாங்கப் போகிறீர்களா?



வீட்டுக் கடன் கேட்டு வரும் நம் உறுப்பினர்களிடம் கம்பி என்ன விலை, சிமெண்ட் என்ன விலை என்று கேட்டால் மடமடவென்று சொல்கிறார்கள். கழிவுநீர் பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் கொத்தனாரு பாத்துக்குவாரு" என்கிறார்கள். ஆனால் தரைக்கு அடியில் போய்விட்டால் திரும்பப் பார்க்க முடியாத பொருள் அதுதான். பைப் விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும், தளத்தை உடைக்க வேண்டும். பக்கத்திலேயே குடிதண்ணீர் பைப்பும் போகிறது என்றால் சாக்கடை அதில் கலந்து வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

கடையில் போய் "நாலு இஞ்ச் பைப் குடுங்க" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாம் பார்க்க ஒரே சாம்பல் நிறம்தான். வீட்டுக் கழிவுநீருக்கென்று உள்ள பைப்பை எஸ்.டபிள்யூ.ஆர். பைப் என்பார்கள். அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13592. குடிதண்ணீர் பைப்புக்கு எண் வேறு, ஐ.எஸ். 4985. இந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பைப்பின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பில்லில் இருக்கிறது, அட்டையில் இருக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நமக்குப் பழக்கம் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரே ஐ.எஸ். 13592-ல் 'டைப் ஏ', 'டைப் பி' என்று இரண்டு வகை உண்டு. டைப் ஏ மெல்லியது. மாடித் தண்ணீர் இறங்கவும் காற்றுப் போக்கிக்கும்தான் அது. கக்கூஸ், குளியலறை, சமையலறைக் கழிவுக்கு டைப் பி வேண்டும். இரண்டிலும் முத்திரை இருக்கும் என்பதால் "ஐ.எஸ்.ஐ. தாம்மா இது" என்று டைப் ஏ-யைத் தலையில் கட்டிவிடுவார்கள். விலை குறைவு என்று நாமும் வாங்கிவிடுவோம். பிள்ளையின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். நாலு இஞ்ச், அதாவது 110 மில்லிமீட்டர் பைப்பில், டைப் பி-யின் சுவர் கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். டைப் ஏ இரண்டு சொச்சம்தான். பில்லிலும் 'டைப் பி' என்று எழுதி வாங்குங்கள்.

வண்டி போகும் வாசலுக்கு அடியில் புதைப்பதென்றால் டைப் பி-யும் சரிவராது. மண்ணுக்கு அடியில் போடுவதற்கென்றே ஐ.எஸ். 15328 என்ற பைப் உண்டு. பெரும்பாலும் செங்கல் நிறத்தில் வரும். அதில் எஸ்.என். 2, 4, 8 என்று உறுதி அளவு போட்டிருக்கும். எண் கூடக்கூட பாரம் தாங்கும். டிராக்டர், லாரி ஏறும் இடம் என்றால் 8 கேளுங்கள்.

முத்திரையே இல்லாத 'லோக்கல் பைப்' பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்தாலும், சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மேல் சேர்த்தாலும் பைப் சீக்கிரம் நொறுங்கும். நல்ல பைப்பையும் நாம் கெடுத்துவிடலாம். மாதக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்தால் அதுவும் மொறுமொறுவென்று ஆகிவிடும். வேலைக்கு முன்னால் வாங்கி வைப்பவர்கள் நிழலில் அடுக்குங்கள்.

போடும்போது நாம் கூட நிற்க வேண்டும். நாலு இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 என்ற சரிவு நல்லது. அதாவது 10 அடி நீளத்துக்கு 3 இஞ்ச் இறக்கம். டியூப் லெவல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்மட்டம் போதாது. அடியில் கல், ஜல்லி இல்லாமல் மணல் பரப்பணும். ஒரேயடியாக மடங்கும் பெண்டுக்குப் பதில் இரண்டு பாதி பெண்டு போட்டால் அடைப்பு குறையும். திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு சின்னத் தொட்டி வேண்டும். அடைத்தால் மேலே நின்றே கம்பி விட்டு எடுக்கலாம். செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயுவில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொட்டிச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

குழியை மூடும் முன் பைப்பின் கீழ் முனையை அடைத்து, மேலே வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு ஜாயிண்ட் கசிகிறது. "நாளைக்குப் பாக்கலாம்மா, மூடிடுவோம்" என்று அவசரப்படுத்துவார்கள். கசிவு நின்று, மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே மண் தள்ளச் சொல்லுங்கள். குழுவிலிருந்து இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பைப் எந்த வழியாகப் போகிறது என்று போனில் ஒரு படமும் எடுத்து, பில்லோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.